தலைவாஸுக்கு அந்த ஒன்பதாவது சீசன் எப்படி வாய்த்தது, அப்புறம் ஏன் வாய்க்கவில்லை?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
புரோ கபடி லீக்கின் பன்னிரண்டாவது சீசனும் முடிந்தது. டெல்லி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, நம்ம ஆட்கள் முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை. இனி அடுத்த ஏலம் வரைக்கும் யாரை வைப்பது யாரை விடுவது என்று இங்கே தினமும் சண்டை நடக்கும், தெரிந்ததுதான். அதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கியைப் பேசித் தீர்த்துவிடலாம் என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன்.

தமிழ் தலைவாஸ் 2017-இல், ஐந்தாவது சீசனில் வந்தது. எட்டு சீசன் ஆடியாகிவிட்டது. பிளேஆஃப் பார்த்தது ஒரே முறை, 2022-இல், ஒன்பதாவது சீசனில். அதுவும் எந்த வருஷம்? 2.26 கோடி கொடுத்து ஏலத்தில் எடுத்த ரெய்டர் (பாடிப் போகிறவர்) பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் உட்கார்ந்த வருஷம்.

அந்த ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். அக்டோபர் 8, இரண்டாவது சனிக்கிழமை. முதல் ஷிப்ட் முடித்த கையோடு நாங்கள் மூன்று பேர் பஸ் ஏறினோம், சில்க் போர்டில் ஒரு மணி நேரம் நின்றோம், சாந்தி நகரில் இறங்கி ஆட்டோ பிடித்து கண்டீரவா அரங்கத்துக்குள் போனபோது சட்டை எல்லாம் நனைந்திருந்தது. பெங்களூர்க்காரர்களுக்கும் பவன் சொந்த ஆள் மாதிரி, பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் இல்லையா, அதனால் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மொத்த அரங்கும் கத்தியது. எதிரணி குஜராத். அந்தப் பக்கம் ரெய்டு வந்தது நம்ம தமிழ்நாட்டுச் சந்திரன் ரஞ்சித். அவரைப் பிடிக்கப் போய்த்தான் பவன் கால் திரும்பி விழுந்தார். பிடிக்கிற வேலையே அவருடையது இல்லை என்பது வேறு விஷயம். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவ்வளவு பெரிய கூடம் எப்படி அமைதியானது என்று இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆட்டம் 31-31 டை. திரும்பி வரும்போது அத்திப்பள்ளி வரைக்கும் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சீசன் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டோம்.

டிசம்பரில் அதே அணி செமிஃபைனல் ஆடியது. எப்படி? ஆள் இருந்த வருஷங்களில் ஏன் முடியவில்லை? சொல்லுங்கள்.

பாலக்கோடு_தக்காளி:
எப்படி என்ன எப்படி, லாட்டரி. எங்கள் மண்டியில் ஒரு வருஷம் கூடை விலை எகிறும், உடனே அடுத்த வருஷம் கண்ணில் பட்ட காடெல்லாம் தக்காளி வைப்பார்கள், பறிக்கிற கூலிகூடத் தேறாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். எகிறிய வருஷத்துக்குக் காரணம் தேடினால் அவரவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். நரேந்தர் என்று ஒரு பையன் மாட்டினான், அவனை யாருக்கும் தெரியாது, ஓடி எடுத்தான். அவ்வளவுதான் அண்ணா.

காவேரிப்பட்டணம்_கணக்கு:
லாட்டரி என்றால் முந்தின வருஷமும் அடிமட்டத்தில் இருந்திருக்க வேண்டும் தம்பி. புள்ளிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

ஏழாவது சீசன், 2019: 22 ஆட்டத்தில் 4 வெற்றி, 37 புள்ளி, கடைசி இடம். அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா, அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர். போஸ்டர் அடித்தால் மூன்று பேருக்கும் இடம் பத்தாது. எட்டாவது சீசன்: 5 வெற்றிதான், ஆனால் ஆறு டை, 47 புள்ளி. இடம் பதினொன்று என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஆறு டை என்றால் ஆறு ஆட்டத்தில் கடைசி ரெய்டு வரைக்கும் நின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்பதாவது சீசன்: 10 வெற்றி, 8 தோல்வி, 4 டை, 66 புள்ளி, ஐந்தாம் இடம். 37, 47, 66 என்று படிப்படியாக ஏறியிருக்கிறது. லாட்டரி இப்படி வராது.

எட்டாவது சீசனில் சாகர் ராத்தி மட்டும் 82 டேக்கிள் புள்ளி, அதாவது ரெய்டரைப் பிடித்து எடுத்த புள்ளி. அந்த வருஷம் டிஃபென்ஸ் பட்டியலில் அவருக்கு மேலே ஈரான்காரர் ஷாட்லூ ஒருவர்தான். அடித்தளம் அங்கேயே போட்டாகிவிட்டது.

அரூர்_கார்னர்:
கணக்குத் தம்பி சரியாகப் பிடித்தார். நான் கொஞ்சம் தரையிலிருந்து சொல்கிறேன், தொண்ணூறுகளின் கடைசியில் இடது கார்னர் ஆடியவன், இப்போது முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறவன்.

கார்னரில், அதாவது பிடிக்கிற வரிசையின் ஓரத்தில் நிற்கிறவன் ரெய்டர் முகத்தைப் பார்க்கவே கூடாது. கண் ஏமாற்றும், தோள் ஏமாற்றும், கை ஏமாற்றும். முன்னால் வைக்கிற காலின் முட்டியைப் பார்க்க வேண்டும். உடம்புப் பாரம் முழுக்க அந்தக் காலுக்கு இறங்குகிற நொடி ஒன்று இருக்கிறது, அப்போது கணுக்காலுக்குப் போனால் அவனால் உதற முடியாது. அரை நொடி முந்தினால் காலை இழுத்துக்கொள்வான், அரை நொடி பிந்தினால் உன் முதுகைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். சரி, பிடித்தாயிற்று. இப்போது ஒரு கை மட்டும் அவன் காலில் இருக்கிறது, அவன் எழுபத்தைந்து எண்பது கிலோ, உன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டுக்கு நகர்கிறான். அந்த இடத்தில் பக்கத்தில் நிற்கிற கவர் வந்து இடுப்பில் விழ வேண்டும். யோசித்துவிட்டு வந்தால் முடிந்தது. கார்னர் பாய்வதற்கு முன்பே கவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இவன் இப்போது போகப் போகிறான் என்று.

இதைப் பயிற்சியில் மட்டும் கொண்டுவர முடியாது. கூட நின்று ஆடித்தான் வரும், அதற்கு ஒரு வருஷம் இரண்டு வருஷம் ஆகும். வலது கார்னர் சாகர், இடது கார்னர் சாஹில் குலியா, கவரில் நம்ம அபிஷேக். இவர்கள் எட்டாவது சீசனிலேயே ஒன்றாக நின்றவர்கள். அந்த வருஷத்து கேப்டன் சுர்ஜீத் சிங் பெரிய கவர், அவரை விட்டுவிட்டுச் சின்னப் பையன்களை வைத்துக்கொண்டார்கள் பாருங்கள், அந்த இடைவெளியில் எடுத்த முடிவுதான் ஒன்பதாவது சீசனைக் கொடுத்தது. பவனை வாங்கியதைத்தான் டிவி எல்லாம் பேசியது. இந்த முடிவை ஒருவரும் பேசவில்லை.

போச்சம்பள்ளி_சந்தை:
நான் போன வருஷத்திலிருந்துதான் பார்க்க ஆரம்பித்தேன், தப்பாக நினைக்காதீர்கள். பவன் போனதும் யார் கேப்டன்? அந்த செமிஃபைனலுக்கு எப்படிப் போனோம்? யாரோ டை பிரேக்கர் என்று எழுதியிருந்தார்கள், கபடியில் டை பிரேக்கர் எல்லாம் உண்டா?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
தப்பே இல்லை ப்ரோ. சாகர் கேப்டன் ஆனார். ஆரம்பத்தில் தள்ளாட்டம்தான். கோச் உதயகுமார் பாதியில் விலக, அஷன் குமார் வந்தார். ரெய்டுக்கு நரேந்தர் கண்டோலா, முதல் சீசன் ஆடுகிற பையன், 243 ரெய்டு புள்ளி எடுத்தார். முதல் சீசனில் அத்தனை புள்ளி அதுவரை யாரும் எடுத்ததில்லை. பவன் நின்றிருந்தால் நரேந்தருக்கு அத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் துணையாக அஜிங்க்யா பவார்.

டை பிரேக்கர் கதை: டிசம்பர் 13, மும்பையில் எலிமினேட்டர், எதிரே யூபி யோதாஸ். நாற்பது நிமிஷம் முடிந்தபோது 36-36. அப்போதெல்லாம் லீக் ஆட்டம் என்றால் ஆளுக்கு மூன்று புள்ளி கொடுத்து அனுப்பிவிட்டார்கள், நாக்-அவுட்டில் முடியாதே. அதனால் ஆளுக்கு ஐந்து ரெய்டு. ஏழு பேரும் உள்ளேயே நிற்பார்கள், அவுட் ஆனாலும் யாரும் வெளியே போக வேண்டியதில்லை, புள்ளி மட்டும் எண்ணப்படும். ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய பால்க் கோடே போனஸ் கோடாகவும் ஆகிவிடும், அதாவது போனஸ் எடுக்கிறவனுக்குத் தூரம் குறைவு, பிடிக்கிறவனுக்கு வேலை அதிகம். நாம் 6-4 என்று ஜெயித்தோம். எனக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட். போன் லாக்கரில். டீ இடைவேளையில் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தால் வாட்ஸாப்பில் எழுபது மெசேஜ், எது ஜெயித்த மெசேஜ் எது தோற்ற மெசேஜ் என்றே புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து செமிஃபைனல். புனேயிடம் 37-39. இரண்டே புள்ளி. பாதி ஆட்டம் வரைக்கும் நாம்தான் முன்னால்.

பர்கூர்_பெஞ்ச்:
அந்த இரண்டு புள்ளிதான் என் கேள்வியும். பவன் ஒற்றைக் காலில் இருந்திருந்தாலும் அந்த இரண்டு புள்ளியை எடுத்திருப்பார். அப்படிப்பட்ட ஆளை அடுத்த ஏலத்துக்கு முன்னால் விட்டுவிட்டார்கள். 2.60 கோடி போட்டு வாங்கி, ஒரு ஆட்டம்கூட முழுசாக ஆடவிடாமல், குணமானதும் தெலுங்கு டைட்டன்ஸுக்குத் தாரை வார்த்தால் அதற்குப் பெயர் நிர்வாகமா? மாடு சினையாக இருக்கும்போது தீனி போட்டு, கன்று போட்டதும் பக்கத்து ஊருக்கு விற்ற கதை.

காவேரிப்பட்டணம்_கணக்கு:
முதலில் தொகையைத் திருத்திவிடுகிறேன். நாம் கொடுத்தது 2.26 கோடி. 2.605 கோடி என்பது பத்தாவது சீசனுக்கு டைட்டன்ஸ் கொடுத்தது.

இப்போது கணக்கு. ஒன்பதாவது சீசனில் ஒரு அணிக்கு மொத்தப் பணமே 4.4 கோடி. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. மீதியில் பதினேழு பதினெட்டுப் பேர். பத்தாவது சீசனில் மொத்தம் 5 கோடி ஆனது, டைட்டன்ஸ் மறுபடியும் பாதிக்கு மேல் அவருக்கே கொடுத்தது. விளைவு என்ன? பவன் ஆடினார், நன்றாகவே ஆடினார், டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் 2 வெற்றியோடு பன்னிரண்டாவது இடம். அந்த ரெண்டு புள்ளி கதையைச் சொல்கிறீர்களே அண்ணா, அந்த இரண்டு புள்ளிக்கு அவரைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் சாகர், சாஹில், அஜிங்க்யா என்று யாரையாவது விட்டிருக்க வேண்டும். அப்புறம் செமிஃபைனலே வந்திருக்காது.

பவனை விட்டது சரி. விட்டுவிட்டு மிச்சப் பணத்தில் என்ன செய்தார்கள் என்பதில்தான் தப்பு.

பர்கூர்_பெஞ்ச்:
தொகை தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய பணம் போட்டால் அணி விளங்காது என்ற உங்கள் சித்தாந்தம் எனக்குச் செரிக்கவில்லை. முகமதுரெசா ஷாட்லூவுக்குப் புனே 2.35 கோடி கொடுத்தது, பத்தாவது சீசன் சாம்பியன். அடுத்த வருஷம் ஹரியானா 2.07 கோடி கொடுத்தது, சாம்பியன். ஒரே ஆள், இரண்டு வருஷம், இரண்டு அணி, இரண்டு கோப்பை. இதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

அரூர்_கார்னர்:
மாமா, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஷாட்லூ யார்? பிடிக்கிறவன். ரெய்டும் போவான், ஆனால் அவன் பிழைப்பு பிடி.

ரெய்டர் அவுட் ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், நம்ம ஆள் யாராவது ஒருவனைப் பிடித்தால்தான் எழுந்து வருவான். 2.26 கோடியோ 2.60 கோடியோ, அவுட் ஆகிவிட்டால் அத்தனை கோடியும் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவரை எழுப்புகிறவன் கார்னரும் கவரும்தான். டிஃபென்ஸ் இல்லாத அணியில் பெரிய ரெய்டர் இருந்தால் அவர் ஆட்டத்தில் பாதி நேரம் உட்கார்ந்துதான் இருப்பார். டிஃபென்ஸ் இருக்கிற அணியில் சாதாரண ரெய்டரும் போய்க்கொண்டே இருப்பான், பத்தில் நாலு எடுத்தால் போதும். 2022-இல் நரேந்தருக்கு நடந்தது அதுதான்.

எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகை டோர்னமென்டில் இதையே பார்த்திருக்கிறேன். வயலோரம் செம்மண்ணைக் கொத்தி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி, மரத்தூள் தூவி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையில் டியூப் லைட்டு. ஒரு வருஷம் எங்கள் ஊர் அணி வெளியிலிருந்து காசு கொடுத்து ஒரு ரெய்டரைக் கூட்டி வந்தது. முதல் ஆட்டத்திலேயே அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. டிராக்டர் ஓட்டுகிற பையன் ஒருவன் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அவனை இறக்கினோம். அரையிறுதி வரைக்கும் போனோம். அடுத்த வருஷம் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பையனுக்குக் கூட நிற்க இன்னொருவனைத் தயார் செய்திருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, அதைவிட அதிகக் காசுக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். டிராக்டர் பையன் மறுபடி பானைக்குப் போனான். முதல் ரவுண்டில் வெளியே.

பாலக்கோடு_தக்காளி:
அண்ணா அந்த வெளியூர் ரெய்டர் காசைத் திருப்பிக் கொடுத்தானா?

அரூர்_கார்னர்:
எங்கே கொடுத்தான், கட்டு போட்ட காலோடு கிடா விருந்தும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

காவேரிப்பட்டணம்_கணக்கு:
சரி, பத்தாவது சீசனுக்கு வருவோம். நரேந்தர், அஜிங்க்யா, சாகர், சாஹில், அபிஷேக் என்று கிட்டத்தட்ட அதே அணி. அஷன் குமாரே கோச். ஏலத்தில் எடுத்தவர்களில் நாம் எல்லாரும் பேசியது மாசாணமுத்து, 31.6 லட்சம், தமிழ்நாட்டுப் பையன் என்பதால் எனக்கும் சந்தோஷம்தான். முதல் ஆட்டத்தில் டெல்லியை 42-31 என்று அடித்தோம், எல்லாரும் கோப்பை நமக்குத்தான் என்று எழுதினோம், இங்கேயே பழைய பக்கங்களில் கிடக்கிறது, நானும் எழுதியிருக்கிறேன்.

முடிவு: 9 வெற்றி, 13 தோல்வி, 51 புள்ளி, ஒன்பதாம் இடம். இந்த 51-ஐப் பிரித்துப் பாருங்கள். வெற்றிக்கு ஐந்து வீதம் 45. மீதி 6 எங்கிருந்து? அப்போது ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஒரு புள்ளி கொடுத்தார்கள். ஆக 13 தோல்வியில் 6 தோல்வி கைக்கெட்டும் தூரத்தில். அதில் இரண்டை ஜெயித்திருந்தாலே பட்டியலில் மேலே போயிருப்போம்.

பாலக்கோடு_தக்காளி:
அந்த சீசனில், 2023 டிசம்பரில் சென்னைக்குப் போனவன் நான். நேரு உள்விளையாட்டு அரங்கம். மொரப்பூரில் ரயில் ஏறினேன், டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாமல் கதவோரம் உட்கார்ந்து போனேன். சொந்த மண்ணில் நாலு ஆட்டம், நாலும் தோல்வி. ஜெய்ப்பூரிடம் 24-25. குஜராத்திடம் 30-33. நான் போனது ஜெய்ப்பூர் ஆட்டத்துக்கு. கடைசி அஞ்சு நிமிஷம் பசங்கள் காலைத் தூக்கவே முடியாமல் நின்றார்கள், நான் பார்த்தேன். அதே ஏழு பேர், முதல் நிமிஷத்தில் இருந்தவர்களே. பெஞ்சைப் பார்த்தால் அங்கிருந்து எழுந்து வர ஆளே இல்லாத மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது, இது லாட்டரி இல்லை என்று. மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், ஆனால் பாதிதான்.

ஊத்தங்கரை_அக்கா:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், பள்ளியில் மண்டலப் போட்டி வேலை, அதனால் எழுத முடியவில்லை. நான் பி.டி. டீச்சர், பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறேன்.

தம்பி சொன்ன அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம்தான் விஷயம். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்குக் கபடி ஏழு பேர் ஆட்டம். எங்களுக்குப் பன்னிரண்டு பேர் ஆட்டம். ஏழு பேர் உள்ளே, அஞ்சு பேர் வெளியே. இரண்டு வெறும் ரெய்டு போனால் மூன்றாவது டூ ஆர் டை, போகிறவள் எடுக்காவிட்டால் அவுட். அந்த மூன்றாவது ரெய்டுக்குக் களைக்காத கால் வேண்டும். நரேந்தர் 2022-இல் புதுசு, யாருக்கும் அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது. அடுத்த வருஷம் எல்லா அணியும் வீடியோ போட்டுப் பார்த்துவிட்டு வந்தது. அப்போது அவரை நாலு ரெய்டு உட்கார வைத்துவிட்டு வேறு ஒருவரை அனுப்பிக் குழப்ப வேண்டும். அனுப்ப ஆள் வேண்டுமே. பெரிய பெயரும் தேவையில்லை, பத்து லட்சம் பதினைந்து லட்சத்தில் அப்படிப்பட்ட பையன்கள் ஏலத்தில் கிடைப்பார்கள், கோச்தான் தேடிப்பிடிக்க வேண்டும். ஜெயித்த அணியை அப்படியே வைத்துக்கொள்வது நன்றாகத்தான் தெரியும், அதற்குள் மற்ற பதினோரு அணியும் நகர்ந்துவிடுகிறது.

பெஞ்ச் என்றதும் என் பிள்ளைகள் ஞாபகம் வருகிறது. எங்கள் மைதானம் மண், வெறுங்கால். மண்டலப் போட்டியில் மேட் போட்டுவிட்டார்கள். மேட்டில் வெறுங்கால் வழுக்கும், திரும்பும்போது உள்ளங்கால் தோல் உரியும். என்னிடம் இருந்தது ஏழு ஜோடி ஷூ. மாற்று ஆட்டக்காரி உள்ளே போக வேண்டுமென்றால், வெளியே வருகிறவள் கோட்டோரம் உட்கார்ந்து கழற்றுவாள், இவள் அதை மாட்டிக்கொண்டு போவாள். அளவு சரியாக இருக்கிற இரண்டு பேரை மட்டும்தான் நான் மாற்ற முடிந்தது. யார் நன்றாக ஆடுவாள் என்று பார்த்து மாற்றவில்லை, யார் காலுக்குச் சேரும் என்று பார்த்து மாற்றினேன். நடுவர் வேறு சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துகிறார்.

பர்கூர்_பெஞ்ச்:
அக்கா, என் பெயரிலேயே பெஞ்ச் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பவனுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். ஷூ கதை வலிக்கிறது.

ஆனால் ஒன்று. பெஞ்ச் பெஞ்ச் என்று சொல்லிக்கொண்டே பதினொன்றாவது சீசனில் ரெய்டர் சச்சின் தன்வாருக்கு 2.15 கோடி கொடுத்தார்களே, கோச்சும் இரண்டு பேர், உதயகுமாரும் சேரலாதனும். சேரலாதன் என்றால் எனக்கு உயிர், பாட்னாவுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கியவர், ஆனால் ஒரு உறையில் இரண்டு கத்தி. மறுபடி ஒன்பதாம் இடம்.

காவேரிப்பட்டணம்_கணக்கு:
பன்னிரண்டாவது சீசனில் ரெய்டர் அர்ஜுன் தேஷ்வால் 1.405 கோடி. ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் சஞ்சீவ் பாலியான். சுற்றிச் சுற்றிப் பவனும் 59.5 லட்சத்துக்குத் திரும்பி வந்தார், கேப்டனாக. சில ஆட்டங்களிலேயே ஒழுங்குக் காரணம் என்று சொல்லி அணி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, அவர் அதை மறுத்தார். உள்ளே என்ன நடந்தது என்று நமக்கென்ன தெரியும், அதைப் பற்றி இங்கே கதை கட்ட வேண்டாம். நான் சொல்ல வருவது: 2019-இல் மூன்று போஸ்டர் ஆள், 2024-இல் ஒரு போஸ்டர் ஆள், 2025-இல் இரண்டு. மூன்று முறையும் பிளேஆஃப் இல்லை.

போச்சம்பள்ளி_சந்தை:
அப்போது இப்போது யாரை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், நான் குறித்து வைத்துக்கொள்கிறேன், ஏலம் முடிந்ததும் யார் ஜெயித்தது என்று பார்க்கலாம்.

அரூர்_கார்னர்:
பெயர் சொல்ல மாட்டேன். இரண்டு கார்னர், இரண்டு கவர், நாலு பேரையும் மூன்று வருஷத்துக்குக் கலைக்கக்கூடாது. ரெய்டர் யார் வேண்டுமானாலும் வரட்டும்.

பாலக்கோடு_தக்காளி:
அர்ஜுன் இருக்கட்டும். அந்த விலையில் அவர் அநியாயம் இல்லை.

பர்கூர்_பெஞ்ச்:
எனக்கு இன்னும் ஷாட்லூ வேண்டும். சிரிக்காதீர்கள்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
நான் அரூர் அண்ணன் பக்கம். அதோடு, நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி மண்ணிலிருந்து ஒரு பையனையாவது பெஞ்சிலாவது உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் ஊர்ப் பாசத்துக்காக இல்லை, ஆடத் தெரிந்தால்.

அக்கா, வேறு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, பெங்களூர் போகிறேன். சிட்டி மார்க்கெட் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் பழைய ஸ்டாக் மேட் ஷூ பாதி விலைக்குத் தள்ளுவார்கள், வாங்கியிருக்கிறேன். எத்தனை ஜோடி குறைகிறது?

ஊத்தங்கரை_அக்கா:
பன்னிரண்டுக்கு அஞ்சு குறைகிறது தம்பி. பில் வாங்கிக்கொள், சேர்த்த காசு கொஞ்சம் என்னிடம் இருக்கிறது, மீதியை அடுத்த மாதம் தருகிறேன்.

பாலக்கோடு_தக்காளி:
ஒரு ஜோடி என் கணக்கு. இந்த வாரம் விலை பரவாயில்லை.

பர்கூர்_பெஞ்ச்:
எனக்கும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
அளவு சொல்லுங்கள் அக்கா, ஷிப்டுக்குப் போக வேண்டும், போனை லாக்கரில் வைத்துவிடுவேன்.

ஊத்தங்கரை_அக்கா:
நாலு ஒன்று, அஞ்சு மூன்று, ஏழு ஒன்று. அந்த ஏழு இடது கார்னருக்கு, அவளுக்கு மட்டும் கொஞ்சம் அகலமாகப் பார்.